கம்பெனிக்கு ஒரு கெடு, தொழிலாளிக்கு ஒரு கெடுவா?

சட்டமும் இன்று சந்தைக்கு வந்துவிட்டது. மும்பையில் கோட்டைப் பகுதியைச் சுற்றியே இருந்துவந்த வக்கீல் ஆபீசுகள், ஒரு காலத்தில் மில் சங்கு ஊதிய லோயர் பரேலுக்கும், தாராவியை அடுத்த பாந்திரா-குர்லா வளாகத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒரு வக்கீலும் ஒரு குமாஸ்தாவும் உட்காரும் பழைய காலத்து அறைகள் அல்ல அவை. நூற்றுக்கணக்கான வக்கீல்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெரிய நிறுவனங்கள். அவர்களில் பலர் கோர்ட்டுப் படி ஏறுவதே அபூர்வம். கம்பெனியோடு கம்பெனி சேரும்போது எழுதும் பத்திரம், பங்கு வெளியிடும்போது தயாரிக்கும் அறிக்கை, வெளிநாட்டு முதலீட்டுக்கான உடன்படிக்கை, நடுவர் முன் நடக்கும் வியாபாரத் தகராறு ஆகியவையே அவர்களுடைய தொழில்.

இதில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வளரும் நாட்டில் முதலில் யாருக்காகச் சட்டத்தின் சக்கரத்துக்கு எண்ணெய் போடப்படுகிறது, யாருடைய வழக்கு வரிசையில் காத்திருக்கிறது என்பதை இந்தச் சந்தை வளர்ந்த கதையே சொல்லும்.

1991-ல் பொருளாதாரக் கதவு திறந்தபோது, வெளிநாட்டு முதலாளிகளுக்குப் பின்னாலேயே அவர்களுடைய வக்கீல்களும் வந்தார்கள். இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இங்கே தொடர்பு அலுவலகம் திறந்தன. 1961-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டப்படி, இந்தியாவில் பார் கவுன்சிலில் பதிவு செய்தவரே தொழில் நடத்தலாம். அப்படியிருக்க ரிசர்வ் வங்கி எப்படி அனுமதி கொடுத்தது என்று கேட்டு 'லாயர்ஸ் கலெக்டிவ்' என்ற அமைப்பு 1995-ல் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. அனுமதி செல்லாது, கோர்ட்டில் வாதாடுவது மட்டுமல்ல, ஆலோசனை சொல்வதும் பத்திரம் எழுதுவதும் கூட வக்கீல் தொழில்தான் என்று 2009 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

அடுத்த வழக்கு சென்னையில் எழுந்தது. 31 வெளிநாட்டு நிறுவனங்களை எதிர்த்து வக்கீல் ஒருவர் 2010-ல் தொடுத்த வழக்கில், அவர்கள் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம், இங்கே தங்கித் தொழில் நடத்தக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2012-ல் கூறியது. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் எப்போதாவது வந்து போவதை மட்டும் ஏற்றுக்கொண்டது. பிறகு காற்று திசை மாறியது. 2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சிலே விதி வகுத்துக் கதவைத் திறந்தது. 2025 மே மாதத்தில் அதைத் திருத்தியும் வெளியிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டு தங்கள் நாட்டுச் சட்டத்திலும் சர்வதேசச் சட்டத்திலும் ஆலோசனை சொல்லலாம். இந்தியக் கோர்ட்டில் ஆஜராக முடியாது. நம் வக்கீல்களுக்கு இடம் தரும் நாடுகளுக்கே இங்கே இடம்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்துக் கொடி பிடிக்க வேண்டியதில்லை. தொழில் வளர வேண்டுமானால் முதலீடு வேண்டும். முதலீடு வர வேண்டுமானால் எழுதிய ஒப்பந்தம் நிற்கும் என்ற நம்பிக்கை வேண்டும். முறையாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தால் தொழிற்சாலை நிலைக்குமானால் அங்கே வேலை செய்பவனுக்கும் அது நல்லதே.

ஆனால் இந்த வியாபாரச் சட்டத்துக்காக அரசாங்கம் காட்டிய சுறுசுறுப்பைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஓர் ஒப்பந்த வழக்கு முடிய 1,445 நாள் ஆகிறது என்று உலக வங்கி கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மும்பையையும் டெல்லியையும் வைத்துப் போட்ட கணக்கு அது. இந்தப் பட்டியலில் நாடு கீழே கிடப்பது டெல்லிக்கு உறுத்தியது. 2015-ல் வணிகக் கோர்ட்டுச் சட்டம் பிறந்தது. உலக வங்கி அந்தப் பட்டியலையே 2021-ல் கைவிட்டுவிட்டது. ஆனாலும் சட்டம் நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் உள்ள கெடுக்களைப் பாருங்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் மனு போட வேண்டும். காரணம் காட்டினால் அதிகபட்சம் 120 நாள். அதற்குமேல் பதில் சொல்லும் உரிமையே போய்விடும். வழக்கை நடத்தும் அட்டவணையை நீதிபதி முன்கூட்டியே போட வேண்டும். வாதம் முடிந்த 90 நாளில் தீர்ப்பு சொல்ல வேண்டும். 120 நாள் கெடு கண்டிப்பானது, நீதிபதியும் அதை நீட்ட முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அழுத்திச் சொன்னது.

இந்தச் சட்டத்தால் சிறிய வியாபாரிக்கும் நன்மை உண்டு. தொடக்கத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்கே இருந்த கோர்ட்டு, 2018 முதல் 3 லட்ச ரூபாய்த் தகராறையும் ஏற்கிறது. தாராவியில் தோல் பை தைத்துக் கொடுத்துவிட்டுப் பில் தொகைக்கு அலைகிற சிறு பட்டறைக்காரரும் போகலாம். அவசர உத்தரவு தேவைப்படாத வழக்கில் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது கட்டாயம். இதைத் தவிர, சிறுதொழில் என்று பதிவு செய்தவருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியும் தருகிறது. வாங்கியவர் 45 நாளுக்குமேல் பணத்தை இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். நம்மவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இனி மறுபக்கம். சாதாரண சிவில் வழக்கில் பதில் மனுவுக்கு 90 நாள் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது வழிகாட்டும் கெடு மட்டுமே, தவறினால் உரிமை போய்விடாது என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தனித் தொழிலாளியின் தகராறை மூன்று மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் 1982-ல் திருத்தம் எழுதினார்கள். ஆனால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு நீதிபதி கெடுவை நீட்டிக்கொள்ளலாம் என்றும் அதன் பக்கத்திலேயே எழுதினார்கள். மூன்று மாதம் எத்தனையோ பேருக்கு வருடங்களாக நீண்டது. வழக்குப் போட்டபோது பள்ளிக்கூடம் போன பிள்ளை, தீர்ப்பு வரும்போது வேலைக்குப் போயிருக்கும்.

ஆக, கம்பெனியின் கெடுவை மீறினால் தண்டனை உண்டு. தொழிலாளியின் கெடுவை மீறினால் இன்னொரு வாய்தா உண்டு.

மெயில் போக வழிவிட்டுப் பாசஞ்சரை லூப் லைனில் நிறுத்துவது ரயில்வேயில் அன்றாடக் காட்சி. பாசஞ்சரில் இருப்பவர்களும் ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள்தான். புதிய தண்டவாளம் போடாமல் புதிய மெயில் மட்டும் விட்டால், பாசஞ்சர் இன்னும் அதிக நேரம் நிற்கும். பல இடங்களில் வணிகக் கோர்ட்டு என்ற புதிய பலகை மாட்டினார்களே தவிர, அதற்கென்று புதிதாக நீதிபதிகளை நியமிக்கவில்லை. இருக்கிற நீதிபதியின் தலையிலேயே அந்த வேலையும் ஏறியது. நாட்டின் மாவட்டக் கோர்ட்டுகளிலும் அவற்றுக்குக் கீழுள்ள கோர்ட்டுகளிலும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருக்கும் நிலையில், ஒரு வரிசை முன்னே நகர்ந்தால் இன்னொரு வரிசை பின்னே தள்ளப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திவால் சட்டத்திலும் தொழிலாளி இதை உணர்ந்திருக்கிறான். 2016-ல் வந்த இந்தச் சட்டம் வியாபார வக்கீல்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தது. மூழ்கும் கம்பெனியை வாங்க வருபவருக்கு ஒரு வக்கீல் படை, கடன் கொடுத்த வங்கிகளுக்கு ஒரு படை, பழைய முதலாளிக்கு ஒரு படை. தொழிலாளிக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கம்பெனியைக் கலைத்து விற்கும்போது, தொழிலாளர்களின் 24 மாதக் கூலி பாக்கி ஈடு பெற்ற கடன்காரரின் கடனுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம் அதற்கு அடுத்தபடி. பிராவிடண்ட் பண்டு, பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளில் தொழிலாளிக்குச் சேர வேண்டிய தொகை, விற்றுப் பங்கு போடும் சொத்தில் சேராது.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடப்பதற்கு மும்பையே சாட்சி. ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் 2019 ஏப்ரலில் நின்றன. ஊழியர்களின் பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிட்டியையும் முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு மன்றம் 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதில் தலையிட மறுத்தது. 2024 நவம்பரில் கம்பெனியையே கலைத்துவிட அதே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கம்பெனியை மீண்டும் நடத்தும் முயற்சி 330 நாளில் முடிய வேண்டும் என்பது சட்டம். விமானம் நின்றதிலிருந்து கலைப்பு உத்தரவு வரை ஐந்தரை ஆண்டு. சட்டத்தில் இருக்கும் உரிமைக்கும் கையில் விழும் ரூபாய்க்கும் நடுவே எத்தனை தூரம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

வியாபாரச் சட்டம் தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது, கடன் பத்திரமாக. இரு சக்கர வண்டிக்கோ பிரிட்ஜுக்கோ கடன் வாங்கும்போது, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கத்தையை நீட்டுவார்கள். பெரிய வக்கீல்கள் யோசித்து யோசித்து எழுதிய பக்கங்கள் அவை. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார், நடுவரைக் கம்பெனியே நியமிக்கும், விசாரணை இன்ன ஊரில் நடக்கும் என்று ஏதோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சயான் கோலிவாடாவில் குடியிருப்பவருக்கு எங்கோ தூரத்து ஊரிலிருந்து ஆங்கிலத்தில் நோட்டீஸ் வரும். படிக்கத் தெரியாமலோ பயந்தோ அதைப் பரணில் போட்டுவிட்டால், அவர் இல்லாமலே தீர்ப்பு முடிந்து, சம்பளத்திலோ சாமானிலோ கைவைக்க ஆள் வந்துவிடும்.

சட்டம் இங்கே முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. தகராறில் அக்கறை உள்ள தரப்பே தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட பெஞ்சிலும் பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த வழியிலேயே வந்தது. நடுவர் தீர்ப்பின் நகல் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கோர்ட்டில் எதிர்க்கலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் உண்டு, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. சேவையில் குறை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் ஊரிலேயோ வேலை பார்க்கும் ஊரிலேயோ புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்காமல் தாமே பேசலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பத்திரத்தில் நடுவர் விதி இருப்பது இந்தப் புகாருக்குத் தடை ஆகாது. ஆகவே வந்த நோட்டீசை வாங்க மறுப்பதும், வாங்கிப் படிக்காமல் வைப்பதும் தன் கையை வெட்டிக்கொள்வதற்குச் சமம்.

சந்தையின் மேல்மாடி இப்படி என்றால், அடித்தட்டில் வேறு விதமான வியாபாரம் நடக்கிறது. லோக்கல் ரயிலில் கூட்ட நெரிசலில் தவறி விழுந்து ஒருவர் இறந்தால், அவர் டிக்கெட்டோ பாஸோ வைத்திருந்த பயணியாக இருந்தால், குடும்பத்துக்கு 8 லட்ச ரூபாய் நஷ்டஈடு உண்டு. 2017 ஜனவரி முதல் தேதிக்கு முன் அது 4 லட்சமாக இருந்தது. ஓராண்டுக்குள் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் மனுப் போட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்களுக்கு இது பொருந்தாது. பிணம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, "வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் இத்தனை பங்கு" என்று ஆள் வந்து நிற்கிறான். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீலுக்குத் தடை செய்யப்பட்டது என்பது பார் கவுன்சில் விதி. அந்த விதி இருப்பது அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்குத் தெரியாது.

ஏமாற்றிய வக்கீல் மீது நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. வக்கீல் தொழில் வியாபாரம் அல்ல, அது அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. எஞ்சியிருப்பது மாநில பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு. ஓராண்டுக்குள் அது புகாரை முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். தொழில் வியாபாரம் அல்ல என்று சொல்லிச் சலுகை பெற்றவர்கள், வியாபாரிக்குள்ள பொறுப்பையாவது காட்ட வேண்டாமா?

இதற்கெல்லாம் மாற்றாக அரசியல் சட்டம் ஒரு வாக்குறுதி தந்திருக்கிறது. பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது என்று 1976-ல் 39-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று அமலுக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், காவலில் இருப்போர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். தொழிற்சாலைத் தொழிலாளி என்ற ஒரே காரணத்துக்காக இலவச வக்கீல் உண்டு என்பது நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரிந்து போனாலும், அங்கே கிடைக்கும் வக்கீலுக்கு அரசாங்கம் கொடுக்கும் கூலி அற்பம். தேசியச் சட்டக் கல்லூரிகளில் வருடத்துக்குச் சில லட்சம் கட்டிப் படித்த பிள்ளைகள் கடனை அடைக்கக் கம்பெனி வக்கீல்களிடம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கோர்ட்டை நம்பிச் சீனியரிடம் சேரும் இளைஞனுக்குப் பஸ் செலவுக்கே திண்டாட்டம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டு 2024 ஜூனில் சொன்னது. இந்திய பார் கவுன்சிலும் அதை ஒட்டி நாடு முழுவதற்கும் சுற்றறிக்கை விட்டது, ஆனால் சிபாரிசாக மட்டும். ஏழையின் வழக்கை எடுக்க வேண்டிய கை பசியோடு இருந்தால் நல்ல வாதம் எங்கிருந்து வரும்?

ஆகவே அரசாங்கமும் பார் கவுன்சிலும் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன.

பழைய தொழில் தகராறு சட்டம் போய், தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்திருக்கிறது. கூலி பாக்கி, கிராஜுவிட்டி, வேலை நீக்கம் ஆகிய வழக்குகளில் நிர்வாகம் குறித்த நாளில் பதில் தராவிட்டால், வணிகக் கோர்ட்டில் இருப்பது போலப் பதில் சொல்லும் உரிமை போக வேண்டும். அதற்கென்று தனி நீதிபதிகள் வேண்டும், இருக்கிறவர்களுக்கு இன்னொரு பலகை போதாது.

சிறு கடன் பத்திரங்களில் நடுவர் விதியைக் கடன்காரருக்குப் புரியும் மொழியில் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். விசாரணை அவர் இருக்கும் ஊரில்தான் நடக்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனங்களிடம் பார் கவுன்சில் பதிவுக் கட்டணத்தை டாலரில் வசூலிக்கிறது. அதில் ஒரு பங்கை இலவச சட்ட உதவிக்கும் ஜூனியர்களின் உதவித் தொகைக்கும் ஒதுக்கட்டும். சந்தை திறந்ததன் பலன் கீழேயும் வந்தது என்று அப்போது சொல்லலாம்.

இங்குள்ள தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதோடு நிற்காமல், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஆங்கிலத்திலும் மராத்தியிலும் வரும் நோட்டீசைத் தமிழில் படித்துச் சொல்ல ஒரு வக்கீலை உட்கார வைக்கட்டும். பெரிய செலவு இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். காலத்தில் படித்துச் சொன்ன ஒரு நோட்டீஸ், ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றும்.

120 நாளுக்குமேல் ஒரு நாளும் கிடையாது என்று கோடீசுவரனிடம் கண்டிப்பாகச் சொல்ல இந்த நாட்டுச் சட்டத்தால் முடிந்திருக்கிறது. அதே வார்த்தையைத் தொழிலாளிக்குக் கூலி பாக்கி வைத்த முதலாளியிடமும் சொல்ல முடியும். சொல்ல மனம் வேண்டும். பாராளுமன்றமும் மாநில அரசுகளும் இனியும் தாமதிக்காமல் அதற்கு ஆவன செய்ய வேண்டும்.